டிரேவர் மாமா உட்கார்ந்த விமானம்

என் அக்கா பெயர் பெட்டி. அவள் வீட்டுக்காரர் டிரேவர் மாமா ஒரு யுத்தப் படத்தில் நடித்திருக்கிறார். இதைச் சொன்னால் எங்கள் மர்பி டவுனில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் "எந்த சீன்ல?" என்று கேட்கிறார்கள். எந்த சீன் என்று சொன்னால் அவர்களும் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்கச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிரேசர் டவுனில் நாலாம் கிளாஸ் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள் நான். கோபம் வந்தால் குரல் உயர்ந்துவிடும். எழுத்திலும் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் அப்பா விமானத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தவர். இறக்கையில் நம்பர் எழுதுவார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, மாமாவுக்குச் சின்ன வயதிலேயே விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாராம். ஏர்ஃபோர்ஸில் சேர இரண்டு தடவை பரீட்சை எழுதினார். இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. பிறகு சிவாஜி நகரில் ஒரு கராஜில் ஸ்பானர் பிடித்தார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அங்கேதான் இருந்தார். விமானம் ஓட்ட நினைத்த மாப்பிள்ளை கார் அடியில் படுத்திருக்கிறாரே என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தக் குணம்தான் எனக்கு இன்றுவரை பிடிக்காதது. தன்னைப் பற்றி அடுத்தவர் சிரித்தால் முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருப்பார்.

கராஜுக்குப் பழைய கார்களைக் கொண்டுவந்தவர் ப்ரஹ்லாத் ராவ். சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் உள்ள குடும்பம். எலஹங்கா தாண்டி ஒரு பண்ணை வீடு வைத்திருந்தார். அதில் ஆட்கள் இருந்ததைவிடக் கார்கள் அதிகம். மாமாவின் கை சுத்தத்தைப் பார்த்து அவரைத் தன்னோடே வைத்துக்கொண்டார். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு லாரி நிறைய ஒரு போர் விமானம் துண்டு துண்டாக வந்து இறங்கியது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் பறந்த விமானம் என்று சொன்னார்கள். எந்தக் கிடங்கில் கிடந்ததோ, ராவ் ஏலத்தில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம். முன்பாதி தகரம். பின்பாதி, நம்ப மாட்டீர்கள், மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசியது. "இந்தத் துணியைக் கட்டிக்கிட்டா சண்டைக்குப் போனாங்க?" என்று அக்கா கேட்டாள். மாமாவுக்கு அன்றைக்கு முழுதும் கோபம். வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வருவார், சொல்லிவிட்டுப் போவார். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் கட்டுவார்கள். அது முழு விமானமாக நிற்பதற்குள் அக்காவின் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து வளைகுடாவுக்கே போய்விட்டான். எஞ்சின் ஓடாது. ஆனால் பார்த்தால் இப்போதே கிளம்பிவிடும் போல நிற்கும்.

அதன் பிறகு மாமாவின் வேலை அதைத் துடைப்பது. சனிக்கிழமைதோறும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய துணியால் துடைப்பார். உள்ளே உட்காரும் இடத்தை மட்டும் வெளியே ஏணியில் நின்று, கையை நீட்டித் துடைப்பார். உட்கார்ந்து துடைக்கக் கூடாது. அது ராவின் சட்டம். "உன் டிரஸ்ல கிரீஸ் இருக்கும் டிரேவர். சீட்டு ஒரிஜினல் லெதர். ஒட்டிக்கிட்டா போகாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ராவ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புவார், அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கார் அனுப்பினார். ஆனால் அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்தச் சட்டத்துக்கு லீவு. அவர்களுடைய பிள்ளைகள் ஷூ காலோடு ஏறி உட்காரும், லீவரைப் பிடித்து ஆட்டும், வாயால் சுடும். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு அம்மாள் தன் பொமரேனியன் நாயை அந்த சீட்டில் உட்கார வைத்து, கண்ணுக்கு மேலே கூலிங் கிளாஸ் மாட்டி போட்டோ எடுத்தாள். நாய் பயத்தில் அங்கேயே ஈரம் பண்ணிவிட்டது. அதையும் துடைத்தவர் மாமாதான், ஏணியில் நின்றபடி.

அன்றைக்கு அக்கா வெடித்துவிட்டாள். "நாய் உக்காந்த சீட்டுல நீ உக்காரக் கூடாதா? ராவ் இல்லாதப்போ ஏறி ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வாயேன். யாரு பாக்கப் போறா?"

"கேக்காம உக்காந்தா அது திருட்டு, பெட்டி."

"அப்ப கேளு."

"கேட்டு, இல்லேன்னுட்டா? அப்புறம் தினம் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படித் தொடைக்கறது?"

அந்த விமானத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. வீடு மாற்ற வேண்டும் என்றோ வண்டி வாங்க வேண்டும் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. பைபிளைத் தவிர அவர் அலமாரியில் இருந்தது அந்த விமானத்தின் படம் ஒன்றுதான். அதிலும் உள்ளே உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு விருந்தாளி.

அப்போதுதான் சுஹாஸ் வந்தான். முப்பது சொச்சம் வயது, குதிரை வால் முடி, எல்லாரையும் கட்டிப்பிடிக்கிற டைரக்டர். பர்மா யுத்தத்தைப் பற்றி ஐந்து பாஷையில் ஒரே நேரத்தில் ஒரு பெரிய படம். அவனுக்கு ஒரே வெறி, எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். விமானி போடுகிற தோல் ஜாக்கெட் அந்தக் காலத்து ஜாக்கெட். கண்ணாடி, கைக்கடிகாரம், மேஜை மேல் கிடக்கிற தீப்பெட்டி, யாரும் திறந்துகூடப் பார்க்காத பிஸ்கட் டப்பா, எல்லாவற்றையும் எங்கெங்கோ இருக்கிற சேகரிப்பாளர்களிடம் கெஞ்சி வாங்கியிருந்தான். "என் படத்துல கம்ப்யூட்டர் கிராபிக்ஸே கிடையாது" என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னான். ஹீரோவின் டிரிம் செய்த தாடி ஒன்றுதான் இந்தக் காலத்தது. அதை எடுக்கச் சொல்ல அவனுக்கும் தைரியம் இல்லை.

ராவின் விமானத்தைப் பார்த்ததும் சுஹாஸ் தரையில் விழுந்து கும்பிட்டானாம். மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. தன் பிள்ளையை யாரோ ஸ்டேஜில் ஏற்றிப் புகழ்ந்த மாதிரி.

ஓடாத விமானத்தை ஓடுவது போலக் காட்ட ஒரு வழி செய்தார்கள். முன்னால் ஒரு டிராக்டரை வைத்துக் கயிறு கட்டி இழுப்பது, கயிறு தெரியாதபடி கேமராவை வைப்பது. ஆனால் இழுக்கும்போது உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பழைய பிரேக்குக்கு ஒரு கோணல் குணம். லீவரை அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் உருளும், கையை எடுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். அது மாமாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் பழக்கம். அந்த இரண்டு பேரும் குண்டு. ஹீரோவை உள்ளே உட்கார வைத்து இழுக்க அவருடைய மேனேஜர் சம்மதிக்கவில்லை. அதனால் தூரத்து ஷாட் எல்லாவற்றிலும் ஹீரோவுக்கு டூப் டிரேவர் மாமா என்று முடிவாயிற்று.

ராவ் என்ன செய்வார்? சினிமாக்காரன் கேட்டதும் சரி என்றுவிட்டார். இத்தனை வருஷம் அழுக்காக இருந்த மாமாவின் துணி ஒரே நாளில் சுத்தமாகிவிட்டது.

அன்றிரவு அக்கா எனக்குப் போன் செய்தாள். "மரியா, உங்க மாமா சோறு திங்கல. சந்தோஷத்துல வயிறு நெறஞ்சிடுச்சாம். பைத்தியம்." சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் மர்பி டவுன் முழுக்கச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதரே மாமாவின் கையைக் குலுக்கினார். நரைத்த தலைக்குச் சாயம் அடித்தார்கள், மீசையை வெட்டினார்கள், அந்தக் காலத்து ஜாக்கெட்டை அவருக்கு மாட்டிப் பார்த்தார்கள். தோள் கச்சிதமாக இருந்தது. அவர் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றதை அக்கா எனக்கு நடித்துக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம்.

படத்தின் பூஜையும் முதல் ஷாட்டும் ஒரே நாள், பண்ணை வீட்டுப் பின்பக்க மைதானத்தில். முதல் ஷாட்டே விமானம் கிளம்புகிற ஷாட். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நானும் அக்காவும் பட்டுப்புடவையில் போனோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விமானத்தின் பின்பாதித் துணி அங்கங்கே தொய்ந்திருந்தது. இப்போதைய வார்னிஷ் பூசினால் கேமராவில் பிளாஸ்டிக் மாதிரிப் பளபளக்கிறது என்று சுஹாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் பூசிய அதே சரக்கு வேண்டும் என்றான். யாரோ பழைய முறைப்படி கலந்து கொடுத்தார்கள். மாமாதான் முந்தின நாள் அதைப் பூசினார். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த வாசனை மைதானம் முழுக்க. அது லேசில் பற்றிக்கொள்ளும் சரக்கு என்று சுஹாஸுக்குத் தெரியும், ராவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டில் ஒருவனை நிறுத்தி, உள்ளே வருகிறவர்களிடமிருந்து லைட்டர், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். புகை பிடிக்கக் கூடாது என்று மூன்று பாஷையில் போர்டு. ஹீரோவின் சிகரெட் பாக்கெட்டைக்கூட வாங்கி வைத்துவிட்டார்கள்.

பிறகு பூஜை ஆரம்பமாயிற்று. கேமராவுக்குப் பொட்டு, விமானத்தின் மூக்குக்குப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஐயர் தட்டில் கற்பூரம் ஏற்றி ஆரத்தி காட்டினார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம், அக்காவும் நானும்கூட. எங்கள் ஊரில் யார் பூஜை என்றெல்லாம் பார்ப்பதில்லை. மாமா ஜாக்கெட்டும் கண்ணாடியுமாக, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். கடைசியில் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய். அதன் தலையில் ஒரு கைப்பிடி கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, புது லாரிக்குச் சுற்றுகிற மாதிரி ஒரு ஆள் விமானத்தைச் சுற்றி வந்தான்.

அத்தனை பேர் இருந்தோம். லைட்டர் வாங்கிப் போட்ட பக்கெட் கண்ணெதிரே இருந்தது. ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை. கற்பூரத்தை நெருப்பு என்று எங்களில் யார் நினைக்கிறோம்? அது பூஜை. வாலருகே வந்தபோது காற்று அடித்தது. எரிகிற கட்டி ஒன்று உருண்டு துணி மேல் விழுந்தது. அவ்வளவுதான். புஸ் என்று ஒரு சத்தம். நீல நிறத்தில் ஒரு தீ வாலிலிருந்து முதுகை நோக்கி ஓடியது.

விமானத்துக்குப் பக்கத்திலேயே ஷாமியானா. அதன் கீழே குடும்பங்கள், வயதானவர்கள், நாற்காலிகள். ஷாமியானாவை ஒட்டி டீசல் ஜெனரேட்டர் வண்டி. எல்லாரும் ஓடினார்கள். முதலில் ஓடியவர் ஹீரோ. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் ஓடினேன், ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியாத பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே இருந்தார்கள். டிராக்டர் டிரைவர் நல்லவன், வண்டியை விட்டு ஓடவில்லை. கியரைப் போட்டு இழுக்கிறான். விமானம் நகரவில்லை. பிரேக் பூட்டியிருந்தது.

மாமா வெறும் காலோடு இறக்கையில் ஏறினார். நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு காலை உள்ளே போட்டுவிட்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கழித்து அவர் அந்த சீட்டில் உட்கார்ந்தது அப்படித்தான், முதுகுக்குப் பின்னால் தீயை வைத்துக்கொண்டு.

"பிரேக் விட்டாச்சு, இழுங்கடா" என்று கத்தினார். டிராக்டர் இழுத்தது. விமானம் உருண்டது. கையை எடுத்தால் மறுபடி பூட்டிக்கொள்ளுமே, அதனால் எடுக்கவில்லை. தீ அவர் தோளைத் தாண்டி முன்னால் வந்தது. அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினாள். மைதானத்தின் நடுவுக்குப் போகும்வரை அவர் லீவரை விடவில்லை. அப்புறம்தான் வெளியே விழுந்தார். யாரோ கம்பளியைப் போட்டு உருட்டினார்கள். ஷாமியானாவில் ஒரு நாற்காலிகூடக் கருகவில்லை.

முதல் ஷாட்டுக்காக மூன்று கேமரா தயாராக நின்றிருந்தன. அவை ஓடிக்கொண்டிருந்தன. ஓடியவர்களுக்கு நடுவில் சுஹாஸ் மட்டும் ஓடாமல் நின்று, "யாரும் கட் பண்ணாதீங்க, ரோல் பண்ணிக்கிட்டே இருங்க" என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன். அவனைக் கேட்டால் அதிர்ச்சியில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்பான். எனக்கு நினைவிருக்கிறது.

அந்தத் தோல் ஜாக்கெட் முதுகைக் காப்பாற்றியது. கைகளைக் காப்பாற்ற எதுவும் இல்லை. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். மூன்று தடவை ஆபரேஷன். வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டன, இடது கையில் பாதி விரல்கள் நிமிரும். டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துத்தான் எடுக்க முடியும். சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிடுகிறாள்.

ராவ் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "இப்படிப் பண்ணிட்டியே டிரேவர். வார்னிஷ் பூசினது நீதானே, நீயாவது சொல்லியிருக்க வேணாமா?" என்றார். விமானத்தை இழந்த துக்கம், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று மாமா அவருக்காகப் பரிந்து பேசினார். அடுத்த வாரம் ராவின் டிரைவர் வந்து, பண்ணை வீட்டு அலமாரியில் இருந்த மாமாவின் டிபன் பாக்ஸையும் சட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வேலை போயிற்று என்று வாயால் சொல்லக்கூட யாரும் வரவில்லை.

சுஹாஸ் வந்தான். பெரிய பூங்கொத்து. மாமாவைக் கட்டிப்பிடிக்க முடியாததால் கட்டிலைக் கட்டிப்பிடித்தான்.

"அங்கிள், அந்த ஷாட் என் லைஃப்ல நான் எடுத்த பெஸ்ட் ஷாட். அதைப் படத்துல வைக்கலாமா? நீங்க ஓகே சொன்னாத்தான்."

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண் இரண்டும் மின்னின. "என் மூஞ்சி தெரியுமா அதுல?"

"உங்க பேரே ஸ்கிரீன்ல வரும் அங்கிள். பிராமிஸ்."

அக்கா அவனை வெளியே போகச் சொன்னாள். நான் சொல்ல நினைத்ததை அவள் சொன்னாள், இன்னும் கொஞ்சம் மோசமான வார்த்தைகளில். ஆனால் மாமா அந்தப் பிராமிஸைப் பிடித்துக்கொண்டார். கட்டு மாற்றும்போது வலியில் பல்லைக் கடிப்பார், கட்டு முடிந்ததும் படம் எப்போது ரிலீஸ் என்று கேட்பார். தான் அந்த விமானத்தில் உட்கார்ந்ததற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம்தான் என்று ஆகிவிட்டது அவருக்கு. விமானமும்தான் இல்லையே.

ரிலீஸுக்கு முன்னால் டிரெய்லர் வந்தது. எரிகிற விமானம் அதில் ஒரு நொடி தெரிந்தது. டிவியில் ஹீரோவின் பேட்டி. "டூப் போடலாம்னு சொன்னாங்க. நான் ஒத்துக்கல. அந்தத் தீயோட சூடு இன்னும் என் உடம்புல இருக்கு" என்றார். பக்கத்தில் சுஹாஸ் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். மாமா என்னைச் சமாதானப்படுத்தினார். "பப்ளிசிட்டிக்கு அப்படித்தான் சொல்வாங்க மரியா. படத்துல பேரு வரும்ல, அது போதும்."

முதல் சனிக்கிழமை மாலில் உள்ள தியேட்டருக்குப் போனோம். மாமா, அக்கா, நான். அக்கா அவருக்கு வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டிருந்தாள். படம் ஆரம்பிக்கும் முன் இந்தப் படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று போட்டார்கள். அக்கா இருட்டில் "த்தூ" என்றாள்.

இடைவேளைக்கு அப்புறம் அந்தக் காட்சி வந்தது. வால் எரிகிறது, ஒரு உருவம் வெறும் காலோடு இறக்கையில் ஏறுகிறது, உள்ளே உட்காருகிறது. எங்கள் மைதானம் இல்லை, பர்மாக் காடு. ஷாமியானா இல்லை, ஜப்பான்காரர்கள். முகம் திரும்பியது. ஹீரோவின் முகம். மாமாவின் உடம்பு மேல், மாமாவின் தோள் மேல், டிரிம் செய்த தாடியோடு ஹீரோ. கம்ப்யூட்டரே கிடையாது என்று சொன்னவன் செய்த வேலை. மாமா "பிரேக் விட்டாச்சு, இழுங்கடா" என்று வாயைத் திறந்த இடத்தில் ஹீரோ தேசத்தின் பெயரைச் சொல்லி முழங்கினார். லீவரைப் பிடித்த கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தோல் உரிவது தெரிந்தது. அது மாமாவின் கை. அதை மாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

தியேட்டரே எழுந்து நின்றது. விசில், கைதட்டல், கோஷம். நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் மாமாவின் தோளைத் தட்டி, "ஏன் ஸார், சப்பாளெ ஹொடீரி. தேஷக்கோஸ்கர ஸாயிதானெ அவனு" என்று கன்னடத்தில் சொன்னான். தேசத்துக்காக அவன் சாகிறான், கைதட்டக்கூட உங்களுக்கு முடியாதா என்று கேட்கிறான். நான் எழுந்து அவன் பக்கம் திரும்பினேன். என் வாயில் என்னென்ன வந்திருக்குமோ தெரியாது. அதற்குள் மாமா என் புடவையைத் தன் முழங்கையால் அழுத்தினார்.

"விடு மரியா. நல்லாத்தானே பாக்கறாங்க." சொல்லிவிட்டு அவர் தன் மடங்கிய கைகள் இரண்டையும் தூக்கி, மணிக்கட்டால் மணிக்கட்டைத் தட்டினார். சத்தம் வரவில்லை. பின்னாலிருந்த பையன் திருப்தியாகி உட்கார்ந்துகொண்டான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் கிளம்பியது, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ராவுக்குத் தனியாகப் பெரிய எழுத்தில் நன்றி. பிஸ்கட் டப்பா கொடுத்தவருக்கு நன்றி. டிராக்டர் டிரைவர் பெயர்கூட இருந்தது, சந்தோஷம். பிறகு கம்ப்யூட்டர் வேலை செய்தவர்களின் பெயர்கள் நூறு நூறாக, இரண்டு பத்தியாக ஓடின. நான் கண்ணிமைக்காமல் படித்தேன். பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் நான். மாமாவின் பெயர் இல்லை. அவர் மட்டும் முன்னால் குனிந்து உட்கார்ந்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படிக்கப் பார்த்தார். ஒரு வரியைப் படிப்பதற்குள் பத்து வரி மேலே போய்விட்டது. விளக்கு போட்டார்கள். பாப்கார்ன் கூட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

வெளியே வந்து எஸ்கலேட்டரில் இறங்கும்போதுதான் கேட்டார். "ரொம்ப ஸ்பீடா வுட்டுட்டாங்க. எனக்குச் சரியா புடிபடல. நீங்க பாத்தீங்களா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையைத்தான் சொல்லியிருப்பேன், சுஹாஸை நாலு வார்த்தை சேர்த்துத் திட்டி. அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். படம் எடுத்தவனை அவ்வளவு சபித்தவள், அன்றைக்கு வரமாட்டேன் என்று கடைசிவரை அடம் பிடித்தவள்.

"நான் பாத்தேனே. வந்துச்சு."

"வந்துச்சா? நெசமாவா?"

"டிரேவர்னு தெளிவா போட்டிருந்துச்சு."

மாமா அப்படியே நின்றுவிட்டார். எஸ்கலேட்டர் கீழே போய்த் தரையில் தள்ளியதும் கொஞ்சம் தடுமாறி, அக்காவின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "எந்தப் பக்கம் பெட்டி? ரெண்டு வரிசையா போச்சே."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். "லெஃப்ட்ல" என்றாள்.

"அதான் பாத்தேன். நான் ரைட் சைடையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்று மாமா தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அவர் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மரியா, அடுத்த சனிக்கிழமையும் டிக்கெட் போடேன். இந்தத் தடவ நான் லெஃப்ட் சைடு மட்டும் பாக்கறேன்."